ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்போம்

(நம் அறக்கட்டளை நடத்திய இலவச மருத்துவ முகாமில் செயலாளர் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. மருத்துவ விளக்கத்தை எனக்குப் பின் டாக்டர் சொல்வார். அதற்கு முன் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என் காக்கா வஃபாத்தானபோது அவருக்கு வயது 51. கல்யாண வீட்டுக் களரியில் சாப்பிட்டுவிட்டு வந்த இரவு, நெஞ்சை அடைக்கிறது என்றார். இடது தோளிலும் வலி. சட்டை நனைய வியர்த்தது. ‘வாயுதான்’ என்று சொல்லி சோடா கொடுத்தோம். உம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் முதுகைத் தடவிவிட்டேன். ‘சுபுஹு தொழுதுவிட்டு டாக்டரைப் பார்ப்போம்’ என்றார். பாங்கு சொல்லும் முன்பே மூச்சு அடங்கிவிட்டது.

ஜனாஸாவுக்கு வந்தவர்கள் ‘அல்லாஹ்வின் நாட்டம்’ என்றார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை மதரஸாவில் ஓதியவன் நான். அன்றிரவு நாங்கள் கட்டவில்லை. அதற்கு முந்தைய பத்து வருடமும் கட்டவில்லை. காக்காவுக்குப் பிரஷர் இருந்ததா, சுகர் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருமுறைகூட அவர் பார்த்துக்கொண்டதில்லை.

இதய நோய் ஒரே நாளில் வருவதில்லை. ரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்பு வருடக்கணக்கில் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அப்போது முதல் இதயத் தசை சாகத் தொடங்குகிறது. திடீரென்று வருவது அந்தக் கடைசிக் கட்டம் மட்டும்தான்.

கேரளத்தின் கொட்டாரக்கராவில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் ‘இன்டர்ஹார்ட்’ என்ற ஆய்வு நடந்தது. 2004-ல் அதன் முடிவு வெளியானது. புகையிலை, கெட்ட கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவது, உடலை அசைக்காமல் இருப்பது போன்ற ஒன்பது காரணங்களே மாரடைப்பு அபாயத்தில் சுமார் 90 சதவீதத்துக்குப் பொறுப்பு என்று அது காட்டியது. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சுமார் 53 வயதிலேயே வருகிறது, மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னதாக. சகோதரர்களே, இந்த ஒன்பதில் பெரும்பாலானவை நம் கையில் இருப்பவை.

முதலில் உங்கள் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரஷர் 140/90-ஐத் தாண்டக் கூடாது. வெறும் வயிற்றில் சுகர் 126-ஐத் தொட்டால் அது சர்க்கரை நோய். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. தையல்காரரின் டேப் போதும், வீட்டிலேயே அளக்கலாம்.

அடுத்து, அடுப்படி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். வாடா சுட்ட எண்ணெயை மறுநாளும் காய்ச்சாதீர்கள். நெய்ச்சோற்றையும் வட்டலப்பத்தையும் ஹராமாக்கச் சொல்லவில்லை. சஹனில் ஐந்து பேரோடு உட்காரும்போது எவ்வளவு சாப்பிட்டோம் என்பது நமக்கே தெரிவதில்லை. வயிற்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிவழியை அங்கே நினைவில் வைப்போம்.

மூன்றாவது, நடை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். சற்று மூச்சு வாங்க வேண்டும், பேசவும் முடிய வேண்டும். அந்த வேகம் போதும். பள்ளிவாசலுக்கு பைக்கில் வருபவர்கள் ஒரு வக்துக்காவது நடந்து வாருங்கள். பீடி, சிகரெட்டை விட்டவருக்கு ஒரே வருடத்தில் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இயற்கை வழி என்றதும் சிலர் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு பூண்டையும் கருஞ்சீரகத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள். சாப்பிடுங்கள், தடையில்லை. ஆனால் டாக்டரைக் கேட்காமல் பிரஷர், சுகர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நோன்பு வைக்க விரும்பும் நோயாளிகள் ரமளானுக்கு முன்பே டாக்டரிடம் மாத்திரை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்க வசதியில்லை என்றால், 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே இலவசமாக வருகின்றன. பெயர் பதிய நம் அலுவலகம் உதவும்.

கடைசியாக, தாய்மார்களுக்கு. பெண்களுக்கு நெஞ்சுவலி பெரிதாக இல்லாமலும் மாரடைப்பு வரலாம். மூச்சுத் திணறல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி இவையும் அடையாளங்கள். ஆணோ பெண்ணோ, இப்படி வந்தால் சோடாவைத் தேடாதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள். வாயு என்று டாக்டர் சொன்னால் அல்ஹம்துலில்லாஹ், சிரித்துக்கொண்டு வீடு திரும்பலாம். நாங்கள் திரும்ப முடியவில்லை.

வெளியே மேசை போட்டிருக்கிறது. பிரஷர், சுகர் பார்க்கச் சில நிமிடம்தான் ஆகும். மாலை வரை முகாம் இருக்கிறது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கும் உங்கள் வாப்பாவை, காக்காவைக் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். நான் என் காக்காவை அழைத்து வரவில்லை.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.