மறைந்தோர்க்கு நாம் பட்ட கடன்

(சங்கத்தின் வெள்ளி விழாவில், நினைவேந்தல் அமர்வில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்த மகிழ்ச்சியில் திளைக்கும் இந்நாளில், மறைந்தவர்களை நினைவுகூர ஓர் அமர்வு தேவைதானா என்று விழாக் குழுவில் ஒரு கேள்வி எழுந்தது. கேட்டவர்மேல் குற்றமில்லை. ஆயினும், நம் வீடுகளில் காதுகுத்தானாலும் திருமணமானாலும், இறந்துபோன மூத்தோருக்குப் புதுத்துணி வைத்துப் படைத்த பிறகே மற்றக் காரியங்களில் இறங்குகிறோம். வீட்டிற்குள்ள அம்முறை சங்கத்திற்கும் உரியதே. அவ்வெண்ணத்தோடுதான் உங்கள் முன் நிற்கிறோம்.

நம் பாட்டன்மார்மேல் சுமத்தப்பட்டிருந்த ஊர்வேலைகளுள் சாவுச் செய்தி சொல்லப் போவதும் ஒன்று. ஊரில் ஒருவர் இறந்தால், அச்செய்தியைப் பத்துக் கல் தொலைவிலுள்ள உறவினர் வீடுகளுக்கும் நடந்தே சென்று சொல்ல வேண்டியவர் நம்மவர். வாசலுக்கு வெளியே நின்று, இன்னார் இறந்தார், இன்ன நேரத்தில் எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பார். பறையடித்தவரும் நம்மவர், குழி வெட்டியவரும் நம்மவர். பிறர் சாவைப் பல ஊர் அறியச் செய்த அந்த மனிதர் தாம் இறந்தபோதோ, செய்தி சேரியின் எல்லையைத் தாண்டவில்லை. அவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஒரு தலைமுறை கழிந்ததும், அவர் வாழ்ந்தார் என்பதற்கே சான்றில்லாமல் போயிற்று.

இது பழங்கதை என்று இளைஞர்கள் எண்ணிவிடலாகாது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், சுடுகாட்டிற்குச் செல்லும் வழி தனியார் நிலத்தின் ஊடே அமைந்து தடைப்பட்டமையால், நம்மவர் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்க நேர்ந்தது. அக்காட்சியை நாடே கண்டது. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. நம் உடலுக்கு ஒரு வழி வேண்டும் என்று கேட்பது எவ்வளவு நியாயமோ, அவ்வளவு நியாயம் நம் நினைவுக்கு ஒரு வழி வேண்டும் என்பதும். முன்னதைப் போராடிப் பெற வேண்டியுள்ளது. பின்னதையோ நாமே அமைத்துக்கொள்ளலாம். அமைத்தோமா என்பதே இன்று நம் முன்னுள்ள வினா.

எழுதிவைப்பதும், எழுதியதைக் காப்பதும் என்ன செய்யும் என்பதற்கு அயோத்திதாசப் பண்டிதரைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை. 1907ஆம் ஆண்டு சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார் அவர். பின்னர் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. 1914இல் பண்டிதர் மறைந்தார். வாரந்தோறும் எழுதிக் குவித்த அப்பேரறிஞரைப் பொதுத் தமிழுலகம் ஏறத்தாழ மறந்தே போயிற்று. 1999ஆம் ஆண்டில்தான் அவர் எழுத்துகள் பெருந்தொகுதிகளாக வெளிவந்து பரவலாயின. இடையே கழிந்தவை எண்பத்தைந்து ஆண்டுகள். அத்தனை காலமும் அன்பு பொன்னோவியம் போன்ற ஆர்வலர்கள் பழுப்பேறிய தாள்களைப் பொன்னெனப் போற்றிக் காத்திராவிடில், பண்டிதரும் பெயரளவில் நின்றிருப்பார். எழுதியவரையே மறக்கும் உலகில், எழுதப்படாதவர் நிலை என்னவாகும்?

இவ்வினாவை மனத்திற்கொண்டு, 2021 முதல் 2024 வரையிலான நான்கு ஆண்டுகளுக்குள் நாம் இழந்த நால்வரை முதலில் நினைவுகூர்வோம்.

முதலாமவர், கடல் கடந்த யாழ்ப்பாணத்தின் டொமினிக் ஜீவா. அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடக் காரணம் உண்டு. அங்குள்ள தமிழரிடையேயும் வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகிய ஐந்து பிரிவினரைப் பஞ்சமர் என்று ஒதுக்கிவைத்த கொடுமை இருந்தது. கோவில் வாயிலும் தேநீர்க் கடையும் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. முடிதிருத்துவோர் குடும்பத்தில் 1927இல் பிறந்த ஜீவா, வகுப்பறையில் சாதி சொல்லி இழிவுபடுத்தப்பட்டமையால் இளவயதிலேயே பள்ளியைத் துறந்தவர். பள்ளி கைவிட்டவரைப் புத்தகம் கைவிடவில்லை. 1960இல் வெளிவந்த ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் அவரது சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். முடிதிருத்தும் நிலையமே அதன் முதல் அலுவலகம். இதழ்க் கட்டைத் தாமே சுமந்து தெருத்தெருவாக விற்றார். போரும் இடப்பெயர்வும் சூழ்ந்த காலத்திலும் அதனை விடாது நடத்தி, நானூறு இதழ்களுக்குமேல் கண்டார். 2021 ஜனவரி 28ஆம் நாள் மறைந்தார். அவரிடம் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ‘மல்லிகை’யின் அட்டையில் கலைஞர்கள், எழுத்தாளர்களின் உருவப் படங்களை வெளியிட்டு, அவர்களைப் பற்றி எழுதச் செய்தார். ஒருவர் உயிரோடிருக்கும்போதே அவரை மதித்துப் பதிவு செய்யும் பண்பு அது.

இரண்டாமவர், அதே மண்ணின் வடமராட்சியில் 1942இல் பிறந்த தெணியான். நம் சங்கத்தைப் போன்ற ஒரு கல்வி முயற்சியின் பயன் அவர். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் இடமில்லாதிருந்த காலத்தில், கா. சூரன் என்னும் பெரியவர் அவர்களுக்கென்று தோற்றுவித்த பள்ளியே தேவரையாளி இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே ஆசிரியராக நின்று, தம்மைப் போன்ற பிள்ளைகளை ஆளாக்கினார் தெணியான். அவரது ‘விடிவை நோக்கி’ என்னும் நாவல் 1973இல் வெளிவந்தது. சாதிக் கொடுமையை வாழ்நாள் முழுதும் எழுதிய அவர், ‘பொற்சிறையில் வாடும் புனிதர்கள்’ என்னும் நாவலில், கோவிலைச் சார்ந்து வாழும் பிராமணக் குடும்பங்களின் துயரையும் எழுதினார். தம்மை வாயிலுக்கு வெளியே நிறுத்திய கோவிலுக்குள் வாடுபவர்க்கும் இரங்கிய அவ்வுள்ளத்தின் அகலத்தை எண்ணிப் பாருங்கள். 2022 மே மாதம் அவர் மறைந்தார்.

மூன்றாமவர், விழுப்புரத்தைச் சேர்ந்த விழி. பா. இதயவேந்தன். 1991இல் வந்த ‘நந்தனார் தெரு’ முதலாகப் பல தொகுதிகள் தந்தவர். நகரம் உறங்கி எழுமுன் அதன் தெருக்களைப் பெருக்கி, அதன் கழிவைச் சுமந்து, விடிந்தபின் அந்நகரத்தாலேயே தீண்டப்படாதவர்களாகத் தள்ளப்பட்ட மக்களின் வாழ்வைக் கதைகளில் நிறுத்தினார். நகராட்சிப் பதிவேட்டில் வருகைக் குறியீடாக மட்டும் இருந்த மனிதர்கள், அவர் கதைகளில் பசியும் கோபமும் காதலும் உடையவர்களாக எழுந்தார்கள். 2022 நவம்பரில் நாம் அவரை இழந்தோம்.

நான்காமவர், பேராசிரியர் ராஜ் கௌதமன். விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் 1950இல் பிறந்து, புதுச்சேரியில் தமிழ் கற்பித்து, 2024 நவம்பர் 13ஆம் நாள் மறைந்தவர். ‘கருக்கு’ தந்த பாமா அவர்தம் தங்கையார். 1993இல் ‘தலித் பண்பாடு’ என்னும் நூலால் நம் வாழ்க்கை முறையை ஆய்வுக்குரிய பொருளாக்கினார். அயோத்திதாசரை ஆராய்ந்தார். சங்கப் பாடல்களையும் தொல்காப்பியத்தையும் பெருமை பேசுவதற்காக மட்டும் படிக்காமல், அச்சமூகத்தில் யார் உழைத்தார், யார் உண்டார், யார் ஒதுக்கப்பட்டார் என்று வினவிப் படித்தார். 2002இல் வந்த ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்னும் நாவலில் தம் வாழ்வையே எடுத்து வைத்தார். அதில் அவர் தம்மையும் விட்டுவைக்கவில்லை, நம்மையும் விட்டுவைக்கவில்லை. வறுமையையும் அவமானத்தையும் சொல்லும்போதே சிரிக்கிறார். நம்மிடையே உள்ள உட்பிரிவுப் பூசலையும் பொய்ப் பெருமையையும் மூடி மறைக்காமல் காட்டுகிறார். நினைவுகூர்தல் என்பது புகழ்மாலை தொடுப்பது மட்டுமே என எண்ணுவோர் அந்நூலைக் கட்டாயம் படித்தல் வேண்டும். உண்மை சொல்லப்பட்டால்தான் இறந்தவர் மனிதராக நம்மோடு நிலைப்பார்.

இந்நால்வரும் தம் வாழ்வையும் தம் மக்கள் வாழ்வையும் தாமே எழுதிவிட்டுச் சென்றவர்கள். அவர்களை உலகம் மறந்தாலும் நூலகம் மறவாது. மேலும், இந்நால்வரும் ஆடவர். கல்வியாலோ எழுத்தாலோ பெயர் பெற்றவர். நம் தெருவில் வாழ்ந்து, நம் சங்கத்தை வளர்த்து, ஒரு வரியும் எழுதாமல் மறைந்தவர்களுக்கு நாம் என்ன செய்தோம்? இங்கே நாங்கள், மூத்த உறுப்பினர்கள், ஒரு பிழையை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

விடுதி தொடங்கிய நாளில் பிள்ளைகளுக்குச் சோறு போடப் பணமில்லை. வீடுதோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டு வைப்பது, அதனை வாரம் ஒருமுறை விடுதிக்குச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. அதைத் தெருத்தெருவாகச் சென்று வாங்கித் தலையில் சுமந்து வந்தவர் ஓர் அம்மையார். நடவு நட்ட களைப்போடு, சேற்றுக்கால் கழுவிய ஈரம் காயுமுன் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அரிசியில்லை என்று கைவிரித்த வீட்டில் சண்டை பிடிக்காமல், அடுத்த வாரம் சேர்த்துக் கொடு என்று சொல்லி நகர்வார். அந்த அரிசியை உண்டவர்களுள் பலர் இவ்வவையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இம்மலருக்காகப் பழைய கணக்கேடுகளைப் புரட்டினோம். ‘கீழத்தெரு அம்மா மூலம் அரிசி’ என்று வாரந்தவறாமல் பதிவாகியிருக்கிறது. எடையில் பிழையில்லை, தேதியில் பிழையில்லை. அவர் பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. எல்லோர்க்கும் அவர் அம்மா. ஆகவே பெயர் கேட்க எவர்க்கும் தோன்றவில்லை. அவர் மறைந்து ஈராண்டுகளே ஆகின்றன. பேரன் வீட்டிற்குச் சென்று, குடும்ப அட்டையைப் பார்த்தே பெயரை அறிந்தோம். பிறந்த ஆண்டை அறிந்தவர் இல்லை. விடுதிக் கட்டடத் திறப்பு விழாப் புகைப்படத்தில், கூட்டத்தின் ஓரத்தில், பிறர் தோளால் மறைக்கப்பட்ட பாதி முகம் ஒன்று இருக்கிறது; அது அவர்தான் என்கிறார்கள். மேடையில் மாலையோடு நின்ற எங்கள் முகங்கள் அதே படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. இம்மலரில் அவருக்கென ஒரு பக்கம் ஒதுக்கி, பெயரை அச்சிட்டுள்ளோம். படத்திற்குரிய இடத்தை வெற்றிடமாகவே விட்டுள்ளோம். அது அச்சகத்தார் பிழையென எவரும் கருத வேண்டா. அது எங்கள் பிழை.

இதற்கு நேர்மாறான ஒரு நினைவும் உண்டு. இரயில்வேயில் கேங்மேனாக உழைத்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர், மாலைதோறும் தெருவிளக்கின் கீழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்தார். தெருவில் குழந்தை பிறந்தால், பெயர், நாள், தாய் தந்தையர் பெயர் ஆகியவற்றை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் குறித்து வைப்பார். அக்காலத்தில் சிலர் அதனைப் பார்த்துச் சிரித்தார்கள். பின்னாளில் பிறந்த தேதி தெரியாமல் பள்ளியிலும் வேலைக்கு மனுச் செய்யும்போதும் திகைத்த குடும்பங்கள் அந்த நோட்டைத் தேடி வந்தன. சென்ற ஆண்டு அவரும் மறைந்தார். நோட்டு சங்கத்தில் இருக்கிறது. கடைசிச் சில பக்கங்கள் எழுதப்படாமல் உள்ளன.

இளைஞர்களே! அப்பக்கங்களை நிரப்புவதே உங்களிடம் நாங்கள் வைக்கும் வேண்டுகோள். இன்று முதல் சங்கத்தில் ஒரு நினைவேடு தொடங்குகிறோம். ஒவ்வொருவரும் தம் தெருவில் வயதான ஒருவரிடம், அவர் உயிரோடிருக்கும்போதே, சென்று அமருங்கள். பெயர், ஊர், பெற்றோர் பெயர், செய்த தொழில், வாங்கிய கூலி, பள்ளிக்குச் சென்றாரா, செல்லவில்லையெனில் ஏன், எந்தப் போராட்டத்தில் நின்றார், எதற்கு அஞ்சினார், எதற்குச் சிரித்தார் என்று கேளுங்கள். அவர் பேச்சிலேயே எழுதுங்கள். இலக்கணம் திருத்த வேண்டா. அவர் செய்த தவற்றைச் சொன்னால் அதையும் எழுதுங்கள். கைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். முகம் முழுதும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பாட்டிமாரிடம் முதலில் செல்லுங்கள். ஏனெனில் அவர்களைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாக அறிந்திருக்கிறோம்.

இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. எவர் அனுமதியும் வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் பிறர் சாவைச் சொல்லப் பத்துக் கல் நடந்தார்கள். நம்மவர் வாழ்வைச் சொல்ல நாம் பத்து வீடு நடக்கலாகாதா? எழுத்தறிவு நமக்கு எளிதில் வந்ததன்று. அரிசி சுமந்தவர் தலைமேல் ஏறி வந்த எழுத்து அது. அதனை முதலில் அவருக்கே பயன்படுத்துவோம்.

மறைந்த நால்வர்க்கும், நம் தெருவில் மறைந்த அனைவர்க்கும் தலைவணங்கி, இவ்வவையினர் எழுந்து ஒரு மணித்துளி அமைதி காக்குமாறு வேண்டி அமைகிறோம்.