வாசற்படியில் தொடங்கும் பணி



இன்று இறையியல் பட்டம் பெறுவோரைத் தமிழ்த் திருச்சபை ஐயர், போதகர், குருவானவர், பாஸ்டர், ஆயர் என ஊருக்கும் சபைப் பிரிவுக்கும் ஏற்பப் பல பெயர்களால் அழைக்கவிருக்கிறது. அவற்றுள் ஆயர் என்ற சொல் மந்தை மேய்ப்பவரைக் குறிக்கும். இலத்தீனிலிருந்து வந்த பாஸ்டர் என்பதற்கும் அதுவே பொருள். அருளுரை ஆற்றுவதோடும் திருவிருந்து நடத்துவதோடும் நில்லாமல், சபையார் ஒவ்வொருவரின் நோய், இழப்பு, ஐயம், குற்றவுணர்வு, மரணத் தறுவாய் ஆகியவற்றில் உடனிருந்து பேணுவதே மேய்ப்புப் பணி எனப்படும். ஒருவர் கடவுளோடு கொண்ட உறவில் தாம் எங்கே நிற்கிறார் என்பதைத் தாமே கண்டுகொள்ளத் துணைநிற்பது ஆன்ம வழிகாட்டுதல் ஆகும்.

இப்பணிக்கு மேற்குத் திருச்சபையில் பல நூற்றாண்டுகள் கைந்நூலாக விளங்கியது, திருத்தந்தை முதலாம் கிரகோரியார் எழுதிய 'மேய்ப்பு விதி'. கி.பி. 590-இல் ரோம் நகரில் கொள்ளைநோய் பரவி, திருத்தந்தை இரண்டாம் பெலாஜியுவும் அதற்குப் பலியானபின், மனமில்லாமலே அப்பொறுப்பை ஏற்ற கிரகோரியார், அதைத் தவிர்க்க முயன்றது ஏன் என்று விளக்கும் முகமாக இந்நூலைத் தொடங்கினார். நான்கு பகுதிகள் கொண்ட இந்நூலில் மூன்றாம் பகுதியே மிக நீண்டது. அதில் நாற்பது அதிகாரங்களில் ஏழை – செல்வர், மகிழ்ந்திருப்போர் – துயருற்றோர், அதிகம் பேசுவோர் – வாய்திறவாதோர் என மாந்தரைப் பெரும்பாலும் இணையிணையாக நிறுத்தி, ஒருவருக்கு ஏற்ற அறிவுரை மற்றவருக்கு ஏன் ஆகாது என்று அவர் ஆராய்கிறார். மெல்லிய சீழ்க்கை குதிரையை அமைதிப்படுத்தும், நாய்க்குட்டியையோ கிளர்ந்தெழச் செய்யும் என்பது அவர் காட்டும் உவமை. இப்பகுதியை ஒரு பட்டியலாகப் படித்து, சபையார் நெற்றியில் இவர் இன்ன வகையினர் என்று எழுதி ஒட்டப் புறப்படும் போதகர் நூலைத் தலைகீழாகப் பிடித்தவர் ஆவார். ஏனெனில் ஒருவர் எத்தகையவர் என்பது அவர் பேசி முடிக்கும்வரை கேட்டவருக்கே தெரியும்.

கேட்பதற்குரிய இடம் வீடு. வீடு சந்திப்பு என்று சபைகள் வழங்கும் அந்நிகழ்வு பெரும்பாலும் எவ்வாறு நடந்தேறுகிறது என்பது அறியாததன்று. போதகர் வந்ததும் தொலைக்காட்சியின் ஒலி குறைக்கப்படுகிறது, பிளாஸ்டிக் நாற்காலி துடைத்துப் போடப்படுகிறது, கடைக்கு ஓடிய சிறுவன் கலர் வாங்கி வருகிறான். ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், காணிக்கை உறை, அத்துடன் கடமை முடிகிறது. போதகர் செருப்பை மாட்டும் வேளையில்தான் அவ்வீட்டின் தாய் வாசற்படிவரை வந்து, மகன் வெளிநாட்டிலிருந்து போன் செய்வதை நிறுத்தி ஐந்து மாதமாயிற்று என்று தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்குகிறார். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பவர் இவ்வீட்டுக்கு உண்மையில் வராதவரே. செருப்பைக் கழற்றிவிட்டு மீண்டும் உள்ளே சென்று அமர்பவருக்கே சந்திப்பு தொடங்குகிறது.

இதற்கு நேரம் எங்கே என்ற வினா புதியதன்று. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் என்னும் நெசவாளர் ஊரில் போதகராயிருந்த ரிச்சர்ட் பாக்ஸ்டர், 800-க்கு மேற்பட்ட குடும்பங்களைக் கொண்ட தம் சபையை, திங்கள், செவ்வாய் ஆகிய இரு நாள்களிலும் காலைமுதல் ஏறத்தாழ இரவுவரை ஒதுக்கி, உதவிப் போதகருடன் வாரம் 15 அல்லது 16 குடும்பங்களாகச் சந்தித்து, ஓராண்டில் ஒரு சுற்று முடிக்க முனைந்தார். பத்தாண்டுகள் பிரசங்கம் கேட்டும் விளங்காதது அரைமணி நேரத் தனிப்பேச்சில் சிலருக்கு விளங்கியதைக் கண்டதாக 1656-இல் வெளிவந்த தம் நூலில் அவர் குறிப்பிடுகிறார். பிரசங்கத்தில் பெயர் பெற்ற ஒருவரே இதை ஒப்புக்கொண்டது சிறு செய்தியன்று. ஊரில் மருத்துவர் இல்லாத காலத்தில் ஏழைகளுக்கு இலவசமாக மருந்தும் கொடுத்துவந்த பாக்ஸ்டர், தேர்ந்த மருத்துவர் ஒருவரை அவ்வூரில் குடியமர்த்தியதும் அவ்வேலையை விட்டுவிட்டார். மனச்சோர்வு நோயாளியை விசுவாசக் குறைவு உள்ளவர் என்று கடிந்து, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வழக்கம் இன்றும் சில ஜெபக்கூட்டங்களில் இருப்பதால், தம் எல்லையை அறிந்து ஒதுங்கிய அச்செயல் நினைக்கத்தக்கது.

கேட்டதைக் காப்பதும் இப்பணியின் பகுதியே. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், பாவ அறிக்கையில் கேட்டதை வெளியிடும் குரு பதவி நீக்கப்பட்டு, கடுமையான துறவுமடத்தில் வாழ்நாள் முழுவதும் தவம் செய்யவேண்டும் என்று விதித்தது. பாவ அறிக்கையைத் தனியே கேட்கும் வழக்கம் அருகிப்போன சபைகளில் இவ்விதி எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் வாசற்படியில் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்டது புதன்கிழமைக் கூட்டத்தில் 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் பெயரும் தெருவும் தெரியும்படி வெளிவருமாயின், அக்குடும்பம் அதன்பின் எந்தப் போதகரிடமும் வாய் திறக்கப்போவதில்லை.

தமிழகத்தில் வீடுவீடாகச் சென்று கேட்டுப் பேணும் வேலையைத் தொடக்கம் முதலே பெருமளவு சுமந்தவர்கள், குருப்பட்டம் பெறாத உபதேசியார்களே. 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்று, இந்தியரில் முதல் புராட்டஸ்டண்ட் போதகரான ஆரோன், அதற்குமுன் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர். இன்றைய சேகர குருவோ, அதாவது பல சபைகளைச் சேர்த்த ஒரு சேகரத்தின் பொறுப்பாளரோ, கமிட்டி, கட்டட நிதி, அசனப் பண்டிகை என்னும் பொதுவிருந்து, பேராயரின் கீழுள்ள திருமண்டலத்தின் தேர்தல் ஆகியவற்றுக்கிடையே அலைபவர். அத்தேர்தலால் இரண்டுபட்ட ஊரில் ஒரு பக்கத்து வீடுகள் அவருக்கு அடைத்தே கிடக்கும். இதைத் தனிமனிதர் குறை என்று தள்ளுவது நியாயமாகாது. திருமண்டலங்களே விடைகாண வேண்டிய சிக்கல் இது.

மேய்ப்பரை மேய்ப்பவர் யார் என்பதையும் கிரகோரியார் விட்டுவைக்கவில்லை. மூன்றாம் பகுதிக்கு நாற்பது அதிகாரங்கள் தந்தவர், போதகர் தம் உள்ளத்தை நோக்கித் திரும்பவேண்டியதைச் சொல்லும் நான்காம் பகுதிக்குத் தந்தது ஒரே அதிகாரம். அதன் முடிவில், அழகான மனிதர் ஒருவரை வரைந்துகாட்டிய அழகற்ற ஓவியன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டு, கப்பல் உடைந்து கடலில் தத்தளிப்பவனுக்குப் பலகை எட்டுவதுபோல் தமக்காக ஜெபிக்கும்படி, நூலைப் பெற்ற ஆயர் யோவானிடம் அவர் வேண்டுகிறார்.