வயிற்றெரிச்சல் மாத்திரையும் தோட்டத்து வயிறும்

(கெடா தோட்டக் கிளையொன்றின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், மர எண்ணிக்கை என்று பேசவே நேரம் போதாத சங்கக் கூட்டத்தில் வயிற்றைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் எண்ணலாம். எண்ணட்டும். செக்ரோல் எழுதுகிற எங்களுக்குத் தெரியும், வேலைக்கு வராதவர் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டால் பாதி நாள் என்ன பதில் வருகிறது என்று. "கேஸ்ட்ரிக், கிராணி ஐயா!" இதுதான் பதில். மறுநாள் அவரே பெரட்டுக்கு வந்து நிற்பார். எப்படி வந்தார்? பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மாத்திரை இரண்டு, கடையில் வாங்கியது இரண்டு. வலி நின்றது, வந்துவிட்டார். வலி ஏன் வந்தது என்று கேட்டவர் யார்? ஒருவரும் இல்லை.

நம்முடைய நாளைப் பாருங்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஒரு குவளை கோப்பி ஓ குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறோம். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நெரையில் இறங்கினால், மரம் வெட்டி, மங்கு மங்காகப் பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போடும்போது மணி பதினொன்று. அதற்குப் பிறகுதான் பசியாறல். பல தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன, பிள்ளைகள் கூலிம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். அங்கேயும் வயிற்றின் கதை இதே கதைதான்.

வயிற்றுக்குள் இருப்பதும் ஆசிட்தான். ஸ்டோரில் பாலை உறைய வைக்க நாம் ஊற்றுகிறோமே பார்மிக் ஆசிட், அது வேறு, இது வேறு. ஆனால் அளவு பார்க்க வேண்டியது இரண்டிலும் உண்டு. ஆசிட் குறைந்தால் பால் உறையாது, கூடினால் ஷீட் கெடும். வயிற்றிலும் அப்படியே. உணவைச் செரிக்கவும், உணவோடு வரும் கிருமியைக் கொல்லவும் அந்த ஆசிட் வேண்டும். அது எதிரியல்ல. வயிற்றின் உட்புறத்தில் அதைத் தாங்குகிற ஒரு வழவழப்பான தோல் இருக்கிறது. அந்தத் தோல் கெடும்போதும், ஆசிட் மேலேறித் தொண்டைக் குழாயில் படும்போதும்தான் எரிகிறது.

தோலைக் கெடுப்பது எது? மிளகாய் என்பார்கள், கவலை என்பார்கள். அவை எரிச்சலைக் கூட்டலாம். பட்டினியும் சம்சுவும் கூடக் கூட்டும். ஆனால் வயிற்றுப் புண்ணுக்குப் பெரிய காரணம் இரண்டுதான். ஒன்று ஒரு கிருமி, மற்றொன்று வலி மாத்திரை.

கிருமியின் கதை கேட்கத் தகுந்தது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து டாக்டர்கள் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர், புண் உள்ளவர்களில் பெரும்பாலோர் வயிற்றில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பதைக் கண்டார்கள். அவ்வளவு ஆசிட்டில் கிருமி எப்படி வாழும் என்று மற்ற டாக்டர்கள் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தாமே குடித்தார். சில நாட்களில் அவர் வயிறு அழன்றது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? மலாயாப் பல்கலைக்கழக டாக்டர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டில் இந்தக் கிருமி மலாய்க்காரர்களைவிட இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். சிறு வயதில் வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிற கிருமி இது. 1994-லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே லயத்தில் எல்லோருக்கும் கேஸ்ட்ரிக் என்றால் அதைத் தலைவிதி என்று விட வேண்டியதில்லை, சோதித்துப் பார்க்கலாம்.

இந்தக் கிருமியை ஆசிட் மாத்திரை கொல்லாது. இரண்டு விதக் கிருமிக்கொல்லி மருந்தும் ஆசிட் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து, வழக்கமாக 14 நாள் கொடுப்பார்கள். நாலாம் நாள் வலி நின்றுவிட்டது என்று மீதியை அலமாரியில் வைத்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த மருந்துக்கு அது மசியாது. இன்னொன்று: மூச்சை ஊதிச் செய்யும் சோதனைக்குப் போகும் முன் இரண்டு வாரம் ஒமிப்ரசோல் போன்ற மாத்திரை எடுத்திருக்கக் கூடாது. எடுத்திருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக் கூடும். ஆகவே, "என்ன மருந்து சாப்பிடுகிறாய்?" என்று டாக்டர் கேட்டால் "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள்.

இனி வலி மாத்திரை. இது நம் தொழிலோடு பிறந்த வியாதி என்றே சொல்லலாம். குனிந்து குனிந்து இடுப்பு போகிறது, உளி பிடித்து மணிக்கட்டு போகிறது, பால் வாளி தூக்கித் தோள் போகிறது. இராத்திரி ஒரு பொன்ஸ்தான், காலையில் வெறும் வயிற்றில் ஒரு வோல்தாரன். இவை வயிற்றுத் தோலை அரிப்பவை. எரிகிறதே என்று கேஸ்ட்ரிக் மாத்திரை போடுகிறோம். எரிச்சல் நின்ற தைரியத்தில் மறுபடி பொன்ஸ்தான் போடுகிறோம். ஒரு கையால் கூரையைப் பிரித்துக்கொண்டே மறு கையால் ஒழுகலுக்குச் சட்டி வைக்கிற வேலையன்றோ இது! வலிக்குப் பாரசெட்டமால் போதுமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். அது வயிற்றைப் புண்ணாக்காது, அளவு மட்டும் மீறக் கூடாது. பொன்ஸ்தான் போன்றவை 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தில் அடங்கிய மருந்துகள். அரிசி பருப்போடு மளிகைக் கடையில் விற்கிற சரக்கல்ல. பெயரில்லாத தாள் பொட்டலத்தில் கொடுத்தால் வாங்காதீர்கள். "மூட்டுவலி உடனே பறக்கும்" என்று சந்தையில் விற்கும் ஜாமு, மாஜூன் வகைகளும் அப்படியே. ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டவை அவற்றில் எத்தனையோ உண்டு. பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்ற எழுத்தும் அதையடுத்து எட்டு இலக்கமும் இருக்கும். பார்த்து வாங்குங்கள்.

ஆசிட் குறைக்கும் மருந்தில் எல்லாம் ஒன்றல்ல என்பதை விளக்க மறுபடியும் ஸ்டோருக்கே வருவோம். பால் உறையாமல் இருக்க அம்மோனியா விடுகிறோம் அல்லவா? ஆசிட்டை முறிக்கிற காரம் அது. அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் வெள்ளைத் தண்ணீர் மருந்தும், மென்று தின்னும் மாத்திரைகளும் அந்த மாதிரிதான் வேலை செய்கின்றன. வயிற்றில் ஏற்கனவே உள்ள ஆசிட்டை முறிக்கும். சீக்கிரம் கேட்கும், சீக்கிரம் தீரும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும் படுக்கப் போகும் முன்பும் குடிப்பது நல்லது. போத்தலைக் குலுக்க வேண்டும். மாத்திரையாக இருந்தால் நன்றாக மெல்ல வேண்டும். மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரத்தத்துக்கான இரும்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, சில கிருமிக்கொல்லிகள் ஆகியவற்றை இது உடம்பில் சேர விடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. நுரைத்துப் பொங்கும் உப்புத்தூளில் சோடியம் நிறைய உண்டு. இரத்தக் கொதிப்பும் இருதய நோயும் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

ஒமிப்ரசோல், பேண்டோப்ரசோல் என்ற வகை வேறு. அது உள்ள ஆசிட்டை முறிப்பதில்லை, ஆசிட் சுரக்கும் குழாயையே அடைக்கிறது. சாப்பாட்டுக்குக் குழாய் திறக்கும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் விழுங்க வேண்டும். நம்மில் பலர் செய்வது என்ன? எரிகிற நேரத்தில் ஒன்று போட்டுவிட்டு, "இது கேட்கவில்லை" என்று இன்னொன்று போடுவது. இந்த மாத்திரை உடனே கேட்காது. முழுப் பலன் தெரிய சில நாட்கள் ஆகும். மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறோம். நாலரைக்கு எழுந்தவுடன் தண்ணீரில் விழுங்குங்கள். முகம் கழுவி உடுத்திப் புறப்படும் நேரத்தில் இரண்டு துண்டு ரொட்டியோ, இராத்திரிச் சோறோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கோப்பி ஓ சாப்பாடு ஆகாது. காப்சூலைக் கடிக்கவோ இடிக்கவோ கூடாது. உள்ளே உள்ள மணிகள் வயிற்றைத் தாண்டிக் குடலில் கரைய வேண்டியவை. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போட வேண்டாம்.

ரானிடிடின் என்ற பெயர் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1981-இல் வந்த மருந்து, ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகம் விற்றது. 2019-இல் அதற்குள் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் உண்டாக்கக் கூடிய பொருள் இருப்பது தெரிந்து, பல நாடுகளில் திரும்பப் பெற்றார்கள். 2020 ஏப்ரல் 1-இல் அமெரிக்க அரசாங்கம் அதை முற்றிலும் எடுக்கச் சொன்னது. காரணம் கவனிக்கத் தக்கது: நாள் ஆக ஆக, வெப்பம் கூடக் கூட அந்தப் பொருளும் மாத்திரைக்குள் கூடியதாம். தகரக் கூரை வீட்டு அலமாரியும் வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டியும் எவ்வளவு சூடு என்று நமக்குச் சொல்ல வேண்டுமோ? பழைய ரானிடிடின் பட்டை வீட்டில் கிடந்தால் வாயில் போடாதீர்கள். எந்த மாத்திரையானாலும் சரி, பட்டையிலிருந்து பிரித்துக் கண்ணாடிப் போத்தலில் கொட்டி வைக்காதீர்கள். பெயரும் தேதியும் பட்டையில்தான் இருக்கின்றன.

எத்தனை நாள் சாப்பிடலாம்? சாதாரண எரிச்சலுக்கு நாலு வாரம், எட்டு வாரம் என்று டாக்டர் கணக்குச் சொல்வார். அந்தக் கணக்கு முடிந்த பின்னும் வருடக் கணக்கில் தானாக வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாளடைவில் பி12 சத்து குறையலாம். நீரிழிவுக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், கறி மீன் தொடாத தாய்மார்களுக்கும் இது இன்னும் சுலபமாகக் குறையும். கால் மரமரப்பு, சோர்வு என்று வரும். இரத்தத்தில் மெக்னீசியம் குறையலாம். வயதானவர்களுக்கு எலும்பு முறிவும், வயிற்றுப்போக்குக் கிருமிகளும் சற்றுக் கூடும் என்கிறார்கள். இதைக் கேட்டுப் பயந்து, வீட்டுக்குப் போனதும் மாத்திரையைக் குப்பையில் எறியாதீர்கள்! இருதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிற சிலருக்கும், முன்பு வயிற்றில் இரத்தம் கசிந்தவர்களுக்கும் இது உயிர் காக்கும் மருந்து. நீண்ட நாள் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ஆசிட் முன்னைவிட அதிகமாகப் பொங்கும். மெல்லக் குறைக்கும் வழியை டாக்டரே சொல்ல வேண்டும். இருதய அடைப்புக்குக் குளோபிடோகிரல் சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒமிப்ரசோல் அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும், டாக்டர் வேறு மாத்திரை எழுதுவார்.

இப்போது மிக முக்கியமானது. மாத்திரை எரிச்சலை அடக்கிவிடும், ஆனால் உள்ளே கசியும் இரத்தத்தை எப்போதும் அடக்காது. மலம் தார் போலக் கறுத்துப் போனால், வாந்தியில் இரத்தமோ கோப்பித்தூள் போன்றதோ வந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, முகம் வெளுப்பது, ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி, இவற்றுக்கும் கடை மாத்திரை வைத்தியம் கூடாது. குழாய் விட்டு வயிற்றைப் பார்க்க ஏற்பாடு செய்வார்கள். சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலீம் மருத்துவமனை இருக்கிறது, அலோர் ஸ்டாரில் சுல்தானா பாஹியா மருத்துவமனை இருக்கிறது. கிளினிக்கில் சீட்டு எழுதி அனுப்புவார்கள்.

நெஞ்சு வலியை "வாயு" என்று சொல்லி உயிரை விட்டவர்கள் எத்தனை பேர்! நெஞ்சை அழுத்துகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஏறினால், வியர்த்து மூச்சு முட்டினால், வெள்ளை மருந்து குடித்துக் காத்திருக்காதீர்கள். 999-க்கு உடனே கூப்பிடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி குறைவாகவும் வரலாம், வெறும் குமட்டலாகவும் வரலாம்.

"போவதற்கு நாள் எங்கே, ஒரு நாள் போனால் சம்பளம் போகிறதே" என்ற கேள்வி இந்தக் கொட்டகையில் எழும் என்று தெரிந்தே வந்திருக்கிறோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், டாக்டர் சான்றிதழ் இருந்தால் சம்பளத்தோடு நோய் விடுமுறை தருகிறது. இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு ஆண்டில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் அதற்கு 60 நாள், 2023 ஜனவரி முதல் அது தனிக் கணக்கு. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நோய் விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், கையில் சான்றிதழ் இருந்தும் செக்ரோலில் சொல்லாமல் நின்றவர் என்றே விழும். பிள்ளையிடம் சொல்லி அனுப்பினாலும் சரி, போனில் சொன்னாலும் சரி, ஆபீசில் சொல்லிவிடுங்கள், எழுதிக்கொள்கிறோம். அரசாங்கக் கிளினிக்கில் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஒரு வெள்ளிதான். கடையில் நாலு மாத்திரைக்குக் கொடுப்பது அதைவிட அதிகம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே கொட்டகையில் நாங்கள் இரண்டு கிராணிமார் மேசை போட்டு உட்காருவோம். வீட்டில் இருக்கும் மாத்திரை, போத்தல், ஜாமு, களிம்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். பெயர், அளவு, காலாவதித் தேதி, எந்த நேரம் சாப்பிடுகிறீர்கள் என்பதையெல்லாம் மலாயில் ஒரு தாளில் எழுதித் தருகிறோம். அந்தத் தாளைக் கிளினிக்கில் டாக்டரிடம் காட்டினால் போதும். எதை நிறுத்துவது, எதைச் சாப்பிடுவது என்று எங்களிடம் கேட்காதீர்கள். அது கிராணி வேலையல்ல. மூக்குக் கண்ணாடி இருப்பவர்கள் அதையும் கொண்டு வாருங்கள், எழுதியதைப் படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.