காய்ச்சாத கஷாயம்

 

பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, நான் மருந்தியல் வாத்தியார். எந்தப் புத்தகக் காட்சிக்குப் போனாலும் இப்போது ஆரோக்கிய நூல்கள் இருக்கும் அலமாரியில்தான் நெரிசல். சிறுதானியம், மூலிகை, நூறு வயது வாழும் வழி. உங்களிடம் வரப்போகும் நோயாளி இவற்றில் ஒன்றைப் படித்துவிட்டுத்தான் வருவார். ‘எல்லாம் குப்பை’ என்று கையை உதறாதீர்கள். ‘எல்லாம் உண்மை’ என்று தலையாட்டவும் வேண்டாம். வாங்கிப் படியுங்கள்.

இப்படிச் சொன்னால் என் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு நான் சீன ஆய்வாளர் தூ யூயூவின் கதையைச் சொல்வது வழக்கம். வியட்நாம் போர்க்காலத்தில் குண்டுக்கு ஈடாக மலேரியாவும் ஆட்களைச் சாய்த்தது. 1967இல் சீன அரசு மருந்து தேடி ஒரு ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டாண்டு கழித்து அதில் சேர்ந்த தூ யூயூவுக்கு முனைவர் பட்டமும் இல்லை, வெளிநாட்டுப் படிப்பும் இல்லை. பழைய வைத்திய நூல்களைப் புரட்டினார், நாட்டு வைத்தியர்களைத் தேடிப் போனார். கைக்கு வந்தவை சுமார் 2,000 குறிப்புகள். சிங்ஹாவ் என்ற செடி ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை கைவிட்டது. வேறு யாராவது என்றால் அடுத்த செடிக்குப் போயிருப்பார்கள். இவர் புத்தகத்துக்கே திரும்பினார். நான்காம் நூற்றாண்டில் கே ஹாங் எழுதிய நூல் அது. மற்றவர்கள் கஷாயம் காய்ச்சச் சொல்லும் இடத்தில், கே ஹாங் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்கிறார். அடுப்பே இல்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று தூ யூயூவுக்குச் சந்தேகம் வந்தது. சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில் சாற்றை எடுத்தார். 1971 அக்டோபரில், 191ஆம் எண் சாறு எலிகளின் உடலில் இருந்த மலேரியாக் கிருமியை முழுவதும் அழித்தது. நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் அவரும் சக ஊழியர்களும் தாங்களே சாப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த மருந்துதான் ஆர்ட்டிமிசினின். 2015இல் நோபல் பரிசு.

கதை அங்கே முடியவில்லை. அதே செடியைத் தேநீராகக் குடித்தாலே மலேரியா தீரும் என்று சொல்பவர்கள் வந்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்கவில்லை. செடிக்குச் செடி மருந்தின் அளவு மாறும். அரைகுறை அளவு கிருமியை முரடாக்கும். கே ஹாங்கைப் போற்றுகிறவர்கள் தூ யூயூ பட்ட பாட்டை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

தூ யூயூவைப் போல் பக்கம் பக்கமாகப் புரட்டும் பழக்கம் எனக்கு வேறு வழியில்லாமல் வந்தது. நான் படித்தபோது எங்கள் விடுதியில் ஒரே மருந்தியல் புத்தகத்தை மூன்று பேர் பங்கு போட்டுப் படித்தோம். கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோய்ச் சொல்லடைவே இல்லை. எதைத் தேடினாலும் முதலிலிருந்து புரட்ட வேண்டும். வேண்டாதது எல்லாம் மண்டையில் ஏறியது அப்படித்தான். இன்றைக்கு நீங்கள் தேடியது மட்டும் திரையில் வந்து நிற்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

வெளிநோயாளிப் பிரிவில் ‘வேறு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?’ என்று கேட்பீர்கள். ‘ஒண்ணுமில்லை டாக்டர்’ என்பார் நோயாளி. பக்கத்தில் நிற்கும் மனைவி கைப்பையிலிருந்து மஞ்சள் மாத்திரை டப்பாவை எடுத்து மேசையில் வைப்பார். இயற்கைதானே, அவர் கணக்கில் அது மருந்தில்லை. அதைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். மஞ்சளின் குர்க்குமினோடு மிளகின் பைப்பரினும் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் குர்க்குமின் இருபது மடங்கு கூடுதலாக உடலில் சேர்கிறது என்று 1998இல் சொன்னவர்கள் நம் பக்கத்துப் பெங்களூருக்காரர்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்கும் அந்த மாத்திரைக்கும் தூரம் அதிகம். மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்டவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

டப்பாவைப் பார்த்த கையோடு, அவரை வாங்கத் தூண்டிய புத்தகத்தையும் கேளுங்கள். அடுத்த முறை கொண்டுவருவார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், டாக்டர்கள் புத்தகம் திருப்புவதில்லை என்ற பேர் ஏற்கெனவே இருக்கிறது.