பத்து மடங்கு நீருக்கு ஒரே ஒரு படி

தில்லியின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வேதியியல் கற்பிப்போர், ஆய்வு மாணவர்கள், நீர்ப் பரிசோதனைக் கூடங்களில் பணிபுரிவோர் எனப் பல தரப்பினரும் கூடியிருக்கும் அவை இது. கூடிய இடமும் பொருத்தமானதே. விநய் நகர் என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்ட இந்தச் சரோஜினி நகர் மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. கோப்புகளோடு தெற்கிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வேர் விட்டன. பக்கத்து லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று நடந்துவருகிறது. இன்றைய கருத்தரங்கின் பொருள் அத்தகைய பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் பாடம்தான்: தண்ணீர் சேர்க்கச் சேர்க்க அமிலத்தின் பி.எச். மதிப்பும் காரத்தின் பி.எச். மதிப்பும் எப்படி மாறுகின்றன?

பாடம் சிறியது. ஆனால் அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் நம்பிக்கை பெரியது. தண்ணீரை ஊற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் வீட்டுக் குளியலறையிலும் இருக்கிறது, சாயப்பட்டறையிலும் இருக்கிறது, ஆற்றைக் காக்க வேண்டிய அலுவலகங்களிலும் இருக்கிறது. அந்த எண்ணம் எங்கே மெய், எங்கே பொய் என்று பிரித்துக் காட்டுவதே இந்தக் கருத்தரங்கின் தலையாய வேலை.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையைச் சேர்ந்த ஆய்வகத்தில் பணியாற்றிய சோரென்சன், 1909ஆம் ஆண்டு பி.எச். அளவுகோலை வகுத்தார். கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனியின் செறிவைப் பத்தின் அடுக்காக எழுதி, அந்த அடுக்கை மட்டும் மைனஸ் குறி இல்லாமல் எண்ணாக எடுத்துக்கொள்வது அவர் கண்ட வழி. மடக்கை அளவு என்பதால் இதில் ஒரு படி என்பது பத்து மடங்கு. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். ஏறத்தாழ 1. அதில் ஒரு பங்கை எடுத்து ஒன்பது பங்கு நீர் சேர்த்தால் 2 ஆகும். மறுபடி பத்து மடங்கு நீர்த்தால் 3. காரத்தில் இதே பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது: 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 13இல் தொடங்கி 12, 11 என்று இறங்கும். தண்ணீர் இரண்டையும் 7ஐ நோக்கி நகர்த்துகிறது. ஆனால் ஒவ்வொரு படிக்கும் முன்னதைப் போலப் பத்து மடங்கு விலை கேட்கிறது.

அந்த விலை எவ்வளவு என்பது தில்லிக்காரர்களுக்கு நன்கு தெரிந்த தண்ணீர் லாரியை வைத்துக் கணக்குப் போட்டால் விளங்கும். கழிவறை கழுவ விற்கப்படும் அமிலத்தைப் பத்து மோலார் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு லிட்டரை, பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் லாரியில், உப்பே இல்லாத தூய நீரில் ஊற்றினால் செறிவு 0.001 மோலார் ஆகும், பி.எச். 3. ஒரு லாரி நீர் முழுவதும் வினிகரை நெருங்கும் புளிப்போடு நிற்கும். அதை 6க்குக் கொண்டுவர வேண்டுமானால் அப்படி ஆயிரம் லாரி வேண்டும்.

இதே அமிலத்தை நிலத்தடி நீர் நிரம்பிய லாரியில் ஊற்றினால் கதை வேறு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரம் மொத்தக் காரத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவாகக் குறிப்பது லிட்டருக்கு 200 மில்லிகிராம். அந்த அளவு உள்ள நீரில் லிட்டருக்கு 4 மில்லிமோல் பைகார்பனேட் இருக்கும். பத்தாயிரம் லிட்டரில் 40 மோல். வந்து விழும் அமிலமோ 10 மோல். பைகார்பனேட்டில் கால்பங்கு அமிலத்தோடு வினைபுரிந்து கரியமில வாயுவாகிவிடும். மிச்சமுள்ள முக்கால் பங்கும் அந்த வாயுவும் சேர்ந்து பி.எச். மதிப்பை 6.8 அருகில் நிறுத்திவிடும். குடிநீருக்கான 6.5 முதல் 8.5 வரையிலான வரம்புக்குள்தான் அது இருக்கிறது. முதல் லாரியில் நடந்தது நீர்த்தல். இரண்டாவதில் நடந்தது நடுநிலையாக்கல். இரண்டிலும் இருந்தது ஒரே அளவு தண்ணீர்தான் என்பதால், வேலை செய்தது தண்ணீர் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்கிறார். வேலை செய்தது தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்புப் பாறையின் பங்கு.

வலிமை குறைந்த அமிலங்களின் நடத்தை இன்னும் நுட்பமானது. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் நூறு மூலக்கூறுகளில் ஒன்றைச் சற்றே தாண்டித்தான் அயனியாகப் பிரிந்திருக்கும், பி.எச். 2.9. பத்து மடங்கு நீர்த்தால் பிரிகை நூற்றுக்கு 4க்கும் சற்று மேலே போகிறது. இன்னும் பத்து மடங்குக்கு 12 அல்லது 13. செறிவு குறைந்ததால் வந்த இழப்பில் பாதியைப் புதிதாகப் பிரியும் அயனிகள் ஈடுகட்டிவிடுவதால், பி.எச். ஒரு படிக்குப் பதில் அரைப்படிதான் ஏறுகிறது: 2.9, 3.4, 3.9. அம்மோனியாக் கரைசலில் இதன் கண்ணாடிப் பிம்பம் தெரியும்: 11.1, 10.6, 10.1. வில்ஹெல்ம் ஆஸ்வால்ட் 1888இல் தந்த நீர்த்தல் விதி சொல்வது இதைத்தான். பிப்பெட்டும் மூன்று குடுவைகளும் பி.எச். தாளும் இருந்தால் ஒரே வகுப்பு நேரத்தில் மாணவர் இதைத் தம் கண்ணால் பார்த்துவிடலாம்.

ஆஸ்வால்டின் விதி வலிமை மிகு மின்பகுளிகளுக்குப் பொருந்தவில்லை என்பது வேதியியலாரை நெடுநாள் அலைக்கழித்தது. அந்தச் சிக்கலில் துணிந்து இறங்கியவர்களில் ஓர் இந்தியரும் உண்டு. பிரபுல்ல சந்திர ராயின் மாணவரான ஞான் சந்திர கோஷ், உப்பும் வலிமை மிகு அமிலமும் நீரில் முற்றாகப் பிரிகின்றன, அயனிகளுக்கு இடையிலான மின்கவர்ச்சியே அவற்றின் நடமாட்டத்தைக் குறைக்கிறது என்ற கொள்கையை 1918இல் வெளியிட்டார். அவர் வகுத்த கணக்கு முழுவதும் நிற்கவில்லை. டிபையும் ஹுக்கெலும் 1923இல் அதைவிடச் செம்மையான கொள்கையைத் தந்தனர். ஆனால் கேள்வியைச் சரியான திசையில் திருப்பியதில் கோஷுக்குப் பங்குண்டு. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கருவியில் அளந்தால் 1.0 வராமல் 1.1 வருவதற்குக் காரணம் அந்தக் கவர்ச்சியே. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும், கரக்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநராகவும் இருந்த கோஷ், தம் இறுதி ஆண்டுகளில் திட்டக்குழு உறுப்பினராக இதே தில்லியில் பணியாற்றினார். நீர்த்தலைப் பற்றித் தில்லியில் பேசும்போது அவர் பெயரை விட்டுவிட முடியாது.

அமிலத்தை எத்தனை முறை நீர்த்தாலும் அது காரமாகிவிடாது. பத்தின் மைனஸ் எட்டாம் அடுக்குச் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். என்ன என்ற கேள்விக்கு மாணவர் பலர் 8 என்று எழுதுவார்கள். தண்ணீர் தானே தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் வரும் சரியான விடை 6.98. சூத்திரத்தில் எண்ணைப் போடுவதற்கும், குடுவைக்குள் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

குடுவையை விட்டு ஆற்றுக்கு வந்தால், தில்லியின் முதல் சாட்சி யமுனை. வசீராபாத் அணைக்கட்டைத் தாண்டியதும் நஜஃப்கர் வடிகால் வந்து கலக்கிறது. மழைக்காலம் நீங்கலாக, அங்கிருந்து கீழே ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர். நீர்த்துப்போகச் செய்ய நன்னீரே இல்லாத இந்த நிலையைக் கண்டுதான், யமுனையில் வினாடிக்குக் குறைந்தது 10 கன மீட்டர் நீர் ஓட வேண்டும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஆற்றில் ஓடும் அந்த நீரின் பி.எச். மதிப்பை அளந்தால் பெரும்பாலும் 7க்கும் 8க்கும் இடையில்தான் இருக்கும். குளிப்பதற்கான தரம் கேட்பது 6.5 முதல் 8.5 வரை, அந்தத் தேர்வில் யமுனை தேறிவிடுகிறது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாமலே போய்விடுகிறது. பைகார்பனேட் பி.எச். மதிப்பைப் பிடித்து நிறுத்தியிருக்க, மீன் வாழ வழியில்லாத ஆறு காகிதத்தில் நலமாகத் தெரிகிறது.

வசீராபாத்திலேயே இன்னொரு பாடமும் கிடைக்கிறது. மேற்பகுதியிலிருந்து வரும் நீரில் அம்மோனியா லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராமைத் தாண்டினால், வசீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாகிறது. முனக் கால்வாய் நீரைக் கலந்து அம்மோனியாவை நீர்க்கச் செய்வது வழக்கமான மாற்று. இங்கே நீர்த்தல் உண்மையிலேயே உதவுகிறது, ஆனால் பி.எச். வழியாக அல்ல. கால்வாய் நீரிலும் பைகார்பனேட் இருப்பதால் பி.எச். அசைவதில்லை, அம்மோனியாவின் மொத்த அளவுதான் குறைகிறது. அதில் உயிரினங்களை வதைக்கும், அயனியாகாத பங்கை முடிவு செய்வதோ பி.எச்.தான்: 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 8இல் அது நூற்றுக்கு 5, பி.எச். 9இல் 36. இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்காத பரிசோதனை அறிக்கை பாதி அறிக்கைதான்.

தமிழ்நாட்டின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. ஏற்றுமதிக்குத் தைத்து மீந்த துணிகளுக்குப் பேர்போன சரோஜினி நகர் சந்தையில் பின்னலாடை வாங்குவோர், அந்தத் தொழிலின் தலைநகரான திருப்பூரையும் அங்கே ஓடும் நொய்யல் ஆற்றையும் நினைத்துக்கொள்ள வேண்டும். துணியை வெளுக்கவும் சாயம் ஏற்றவும் காரமும் உப்பும் ஏராளமாகத் தேவை. காரமான கழிவில் அமிலம் சேர்த்து, அன்றைய விதி கேட்ட 5.5 முதல் 9 வரையிலான பி.எச். வரம்புக்குள் கொண்டுவருவது எளிதாக இருந்தது. ஆனால் அமிலமும் காரமும் சேர்ந்தால் பிறப்பது உப்பு. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற மற்றொரு விதியைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களால் எட்ட முடியவில்லை. 1992இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது. அதன் கீழிருந்த உழவர்களின் நிலமும் கிணறும் உவர்ந்தன. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று ஆணையிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாமல் உப்பைப் பிரித்தெடுக்கும் முறைக்கு மாறிய பிறகே தொழில் மீண்டது. நடுநிலையான பி.எச். அங்கே யாரையும் காப்பாற்றவில்லை.

நீர்த்தல் உயிர்காக்கும் இடமும் ஒன்று உண்டு. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கான் மார்க்கெட் பகுதியில் 2005இல் அமில வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில், 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அமில விற்பனையைக் கட்டுப்படுத்தியது: வாங்குவோர் விவரத்துக்குப் பதிவேடு, புகைப்பட அடையாள அட்டை, 18 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்கத் தடை. அமிலம் பட்ட உடலுக்கு ஒரு குவளை நீர் போதாது என்பதை மடக்கை அளவே சொல்கிறது. அடர்ந்த கந்தக அமிலமானால் குறைந்த நீர் பட்டதும் சூடும் கிளம்பும். ஓடும் நீரை இடைவிடாமல், இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்ற வேண்டும். அது அமிலத்தை நீர்க்கச் செய்வதோடு, சூட்டையும் அமிலத்தையும் உடலிலிருந்து அடித்துச் செல்லும். ஆய்வகத்தில் நீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் நீரைச் சேர்க்கக் கூடாது என்ற விதிக்கும் காரணம் அந்தச் சூடே. இந்த இரண்டையும் தேர்வு மதிப்பெண்ணுக்காக அல்லாமல் உயிருக்காகக் கற்றுக்கொடுப்பது ஆசிரியரின் கடமை.

இந்த இரண்டு நாள் அமர்வுகள் மூன்று வேலைகளை முடித்துத் தர வேண்டும் என்று தலைமை கேட்டுக்கொள்கிறது. முதலாவது, பள்ளி ஆய்வகத்துக்கான ஒரு செய்முறை: ஒரே அமிலத்தைக் காய்ச்சி வடித்த நீரிலும் பள்ளிக் குழாய் நீரிலும் தனித்தனியே நீர்த்து, இரண்டு வரைகோடுகளையும் ஒரே தாளில் வரைவது. இரண்டாவது, நீர்ப் பரிசோதனை அறிக்கைகளில் பி.எச். எண்ணோடு காரத்தன்மை, மொத்தக் கரைதிடம், அம்மோனியா ஆகியவற்றையும் சேர்த்துப் படிக்க உதவும் ஒரு தமிழ்க் கையேடு. மூன்றாவது, நொய்யல், யமுனை ஆகிய இரு ஆறுகளின் அனுபவத்தையும் அயனிச் சமநிலைப் பாடத்தில் எடுத்துக்காட்டாகச் சேர்க்கும் முன்வரைவு. முதல் அமர்வின் கட்டுரைகள் வலிமை குறைந்த அமிலங்களைப் பற்றியவை. அவற்றை வாசிக்க வந்திருப்போரை வரவேற்று, கருத்தரங்கு தொடங்கிவைக்கப்படுகிறது.