சபுர் என்பது சும்மா இருப்பதன்று
(மஹல்லா மாணவ மாணவியர் பரிசளிப்பு விழாவில் நம் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



இன்று பரிசு பெற்ற பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறோம். ஆயினும் இம்மேடைக்கு அழைக்கப்படாத பிள்ளைகளைக் குறித்தே நாம் பேச விரும்புகிறோம். தந்தை மவுத்தானதால், ஒரு பாடத்தில் தவறியதால், கட்டணம் கட்ட இயலாததால் இடையில் நின்றுபோனவர்கள் நம் தெருக்களில் இருக்கின்றார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், இத்தா முடித்த ஒரு தாய் தம் மகனுடன் நம் இல்லத்திற்கு வந்தார். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர். மூன்று பாடங்களில் அரியர். வீட்டில் இரண்டு தங்கைகள். ஜவுளிக் கடையில் வேலை தயாராக இருந்தது. "படிப்பை நிறுத்திவிடட்டுமா ஹஜ்ரத்?" என்று அத்தாய் கேட்டார். "சபுர் செய்யுங்கள், அல்லாஹ் போதுமானவன்" என்று கூறி, துஆச் செய்து அனுப்பிவிட்டோம். நம் கடமை முடிந்ததென்றே எண்ணினோம்.

அடுத்த ரமளானில் ஒரு நாள் தராவீஹ் முடிந்தபின் அவ்விளைஞர் நம்மிடம் வந்தார். "கடைக்குப் போய் வருகிறேன் ஹஜ்ரத். ஆனால் புத்தகங்களை மட்டும் எடைக்குப் போடவில்லை" என்றார். அச்சொல் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

சபுர் என்னும் அரபுச் சொல்லுக்குப் பிடித்து நிறுத்துதல் என்பது மூலப்பொருள். நழுவ முயலும் மனத்தைக் கடமையின் மீது பிடித்து நிறுத்துவதே சபுர். புத்தகங்களைக் காத்துவைத்த அப்பிள்ளை சபுர் செய்தார். வாயால் மட்டும் அதனை உபதேசித்த நாம்தான் சும்மா இருந்துவிட்டோம்.

நம் கடற்கரை ஊர்களில் பலரும் பின்பற்றும் மத்ஹபின் தலைவர் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 150இல் பிறந்து, இளம் பருவத்திலேயே தந்தையை இழந்தவர்கள். ஆசிரியருக்குக் கொடுக்கத் தாயாரிடம் பணமில்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் மற்ற பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வதையே கட்டணமாக அவ்வாசிரியர் ஏற்றுக்கொண்டார். எழுதத் தாளில்லாமல் எலும்புகளில் எழுதிப் படித்தார்கள்.

இராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களுக்குச் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது, கட்டணத்திற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. சகோதரி ஜொஹரா அவர்கள் தம் நகைகளை அடகு வைத்துக் கொடுத்தார்கள். படிப்பிற்குப்பின் விமானியாக விரும்பி, எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து கலாம் வாய்ப்பிழந்ததையும் நாம் அறிவோம். 2002இல் அவர் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

பிள்ளையிடம் சபுர் இருந்தது; அருகில் கைகொடுக்க ஒருவர் இருந்தார். இவ்விரண்டும் சேர்ந்தபோதுதான் கல்வி நிறைவேறியது.

அவ்விளைஞரின் நிலையை நிர்வாகக் குழுவிடம் எடுத்துரைத்தோம். பைத்துல்மாலிலிருந்து கட்டணம் கட்டப்பட்டது. கடை உரிமையாளர் மாலை நேர வேலை தந்து, தேர்வு நாள்களில் விடுப்பும் அளித்தார். கல்லூரியும் மீண்டும் சேர்த்துக்கொண்டது. மூன்றாண்டுப் படிப்பு ஐந்தாண்டாயிற்று. ஆனால் பட்டம் கைக்கு வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ஜமாஅத்தார்களிடம் சில வேண்டுகோள்கள். முதல் மதிப்பெண் பெற்றோரின் பட்டியலோடு, இடைநின்றோரின் பட்டியலையும் நிர்வாகம் தன்னளவில் பேணி, ஆண்டுதோறும் அவர்தம் வீடுகளுக்குச் சென்று விசாரிக்க வேண்டும். பிளஸ் டூவில் தவறியவருக்குத் துணைத்தேர்வு உண்டு. வேலைக்குச் செல்வோருக்கு 2002இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உண்டு. இவற்றை அறியாமலே பலர் ஒதுங்கிவிடுகின்றனர். திருமணப் பேச்சு வந்தவுடன் பெண்பிள்ளைகளின் படிப்பை நிறுத்தும் பெற்றோரும், பட்டம் பெறும்வரை பொறுக்க மாப்பிள்ளை வீட்டாரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இடைநின்ற பிள்ளைகளே! புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கதவைத் தட்டுங்கள். இம்முறை துஆவோடு மட்டும் உங்களை அனுப்பமாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.