நிலக்கரியா, அணுசக்தியா? எதற்கு நாம் பயப்படுகிறோம்?



நான் பொறியியலாளர் அல்ல. மக்கள் தகவல் தொடர்பியலில் டிப்ளோமா பெற்றுவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தவள். ஆகவே அணுவைப் பிளப்பது எப்படி என்று நான் விளக்கப் போவதில்லை. அதை எனக்கு முன் பேசிய ஐயா அழகாகச் சொல்லிவிட்டார். ஆனால், திரையில் எது செய்தியாகும், எது ஆகாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

2011 மார்ச் மாதம் ஜப்பானின் புக்குஷிமாவில் அணு உலைக் கட்டடம் வெடித்துச் சிதறிய காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். உலகத் தொலைக்காட்சிகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டின. அதே நாளில் நம் காப்பாரிலும் மஞ்சோங்கிலும் புகைபோக்கிகள் வழக்கம்போல் புகைந்துகொண்டுதான் இருந்தன. அதை யார் படம் பிடிப்பார்? தினமும் நடப்பது செய்தி ஆகாது. எங்கள் தொழிலின் இந்தக் குணத்தால் மக்களின் பயம் ஒரு பக்கமாகவே சாய்ந்துவிட்டது என்பது என் கருத்து.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று ஓராண்டில் ஏறக்குறைய 3 மில்லியன் டன் நிலக்கரியை எரிக்கும். அதே மின்சாரத்திற்கு அணு உலை கேட்பது 25 அல்லது 30 டன் எரிபொருள்தான். சில லோரிகளில் அடங்கிவிடும். நம் தீபகற்பத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி நிலக்கரியிலிருந்து வருகிறது. அந்த நிலக்கரியில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது.

எரித்தால் என்ன வருகிறது? கரியமில வாயு, கந்தக வாயு, பாதரசம், நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்தூசி. சுரங்கம் தோண்டுவது முதல் நிலையத்தை இடிப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்தாலும், ஒரு யூனிட் மின்சாரத்திற்கு நிலக்கரி 820 கிராம் கரியமில வாயுவையும் அணுசக்தி 12 கிராமையும் வெளியிடுவதாக ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2014-இல் சொன்னது. உயிரிழப்புக் கணக்கு இதைவிட வேதனையானது. விபத்தையும் காற்று மாசையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள், ஒரே அளவு மின்சாரத்திற்கு நிலக்கரி பறிக்கும் உயிர்கள் அணுசக்தி பறிப்பதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு என்கிறார்கள். செர்னோபிலும் புக்குஷிமாவும் அந்தக் கணக்கில் அடக்கம்.

புக்குஷிமாவில் கதிரியக்கத்தால் இறந்ததாக ஜப்பான் அரசாங்கம் 2018-இல் ஒப்புக்கொண்டது ஒருவரைத்தான். அவசர அவசரமாக இடம் பெயர்ந்த அலைச்சலிலும் அதன் பின்விளைவிலும் அந்த மாநிலத்தில் மாண்டவர்களோ 2,000 பேருக்கு மேல். பயத்தைச் சரியாகக் கையாளாவிட்டால் பயமே ஆளைக் கொல்லும்.

சாம்பலையும் மறந்துவிடக் கூடாது. 2008 டிசம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிங்ஸ்டன் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம் உடைந்து 40 லட்சம் கன மீட்டர் சேறு ஊருக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் பாய்ந்தது. நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இவ்வளவு சொன்ன பிறகு, நான் அணுசக்தியின் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். பேராக் மாநிலத்தைச் சேர்ந்தவர்களுக்குப் புக்கிட் மேரா என்ற பெயரே போதும்.

ஈப்போவுக்கு அருகிலுள்ள அந்தக் கிராமத்தில் 1982-இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. அது மின்நிலையம் அல்ல. ஈயச் சுரங்கக் கழிவு மண்ணிலிருந்து அரிய உலோகங்களைப் பிரித்தெடுத்த ஆலை. மிஞ்சியது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. கிராம மக்கள் 1985-இல் நீதிமன்றம் ஏறினார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கடைசியில் 1994-இல் நிறுவனமே ஆலையை மூடியது. கழிவை அகற்றிப் புதைக்கும் வேலை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இழுத்தது. ஓர் ஆலையின் கழிவுக்கே இத்தனை பாடு என்றால், பல்லாயிரம் ஆண்டுகள் காவல் காக்க வேண்டிய அணு உலைக் கழிவை யார் பார்த்துக்கொள்வார் என்று பேராக்கின் ஒரு பாட்டி கேட்டால், அது அறியாமைக் கேள்வி அல்ல. பின்லாந்துக்காரர்கள் 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து அதற்கென்றே சுரங்கம் அமைத்திருக்கிறார்கள். நாம் எங்கே குடையப் போகிறோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2005 ஆகஸ்டில் சுமத்ரா புகைமூட்டம் போர்ட் கிள்ளானையும் கோலசிலாங்கூரையும் மூடி அவசரநிலை அறிவிக்கப்பட்டதே, அதுவரை சில ஆண்டுகளாகக் காற்று மாசுக் குறியீடு நமக்குச் சொல்லப்படாத ரகசியமாக இருந்தது. மூச்சு நம்முடையது, எண்ணிக்கை மட்டும் கோப்பில்!

ஆகவே எனக்கு நிலக்கரிமீது ஆசை இல்லை. அணுசக்தியின் விஞ்ஞானத்தின்மீது சந்தேகமும் இல்லை. உண்மையை உடனே சொல்லும் நிர்வாகம் வேண்டும், அதுதான் என் கவலை.

2011-இல் மலேசிய அணுமின் கழகம் அமைத்தோம். 2018-இல் பிரதமராக இருந்த துன் டாக்டர் மகாதீர் அணுமின்சாரம் வேண்டாம் என்றார். கழகமும் பிறகு கலைக்கப்பட்டது. 2025-இல் வெளியான 13ஆவது மலேசியத் திட்டத்தில் அணுசக்தி மீண்டும் தலைகாட்டுகிறது. 2044-க்குள் நிலக்கரியைக் கைவிடுவதாகவும் அரசாங்கம் கூறியுள்ளது. நல்லது. ஜெர்மனியைப் போல் செய்துவிடக் கூடாது. அவர்கள் 2023 ஏப்ரலில் கடைசி மூன்று அணு உலைகளை மூடினார்கள், நிலக்கரியோ எரிந்துகொண்டே இருந்தது. முதலில் மூட வேண்டியது எது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

என் அத்தை ஒருவர் அனல்மின் நிலையம் ஒன்றின் அருகே, தாமானில் வசிக்கிறார். காலையில் சன்னல் விளிம்பைத் துடைத்துவிட்டுத் துணியைக் காட்டுவார். அந்தக் கறுப்பு புகைபோக்கியினுடையதா, லோரிகளுடையதா, அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தக் கருத்தரங்குக்கு வருகிறேன் என்றதும் அவர் கேட்டார்: "ஏம்மா, அணு வந்தா அங்க என்ன அளவு இருக்குன்னு எங்களுக்குக் காட்டுவாங்களா? இப்ப இருக்கிறதையே யாரும் காட்டலையே!"

மின்நிலையப் புகைபோக்கிகளில் கருவி பொருத்தி, அளவுகளைச் சுற்றுச்சூழல் துறைக்கு இடைவிடாமல் அனுப்ப வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டின் தூய காற்று விதிகள் சொல்கின்றன. எனக்கு அடுத்துப் பேசவிருக்கும் அதிகாரி அவர்களை மரியாதையோடு கேட்கிறேன்: அந்த எண்களை அத்தையின் தாமான் நுழைவாயிலில் ஒரு பலகையில் போட முடியுமா? எப்போது?